திலகம் குடிக்காத தண்ணீர்

விடிந்து வேலைக்குப் போனது முதல் வீடு திரும்பும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் நீங்கள் இருந்ததுண்டா? விரதத்தைப் பற்றிய கேள்வி அல்ல இது. விரதம் இருப்பவருக்கு மாலையில் பலகாரம் உண்டு, பார்க்கிறவர்களின் மெச்சலும் உண்டு. தொண்டை காய்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் பாட்டிலும் இருந்து, குடித்தால் அதை வெளியேற்ற இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குடிக்காமல் இருந்ததுண்டா?

இல்லை என்றால் உங்களுக்கு வாய்த்தது நல்ல வாழ்வு. திலகத்துக்கு அது வாய்க்கவில்லை. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் தாவணி வயதில் கத்திரி பிடித்தாள். தலை நரைத்த பிறகும் அதே மலையில் அதே கத்திரியோடு நிற்கிறாள். இத்தனை வருடத்தில் அந்த மலைமேல் அவள் தண்ணீர் குடித்த நாள்களை நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னால் யோசிப்பாள்.

கொழுந்தைக் கையால் கிள்ளுகிற காலம் அங்கே எப்போதோ போய்விட்டது. சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் படங்களில் மட்டும் பெண்கள் இன்னும் இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் பெரிய கத்திரி. அதன் ஒரு பக்கம் தட்டு பொருத்தியிருக்கும். வெட்ட வெட்டக் கொழுந்து தட்டில் விழும், அதை வீசி முதுகுப் பைக்குள் கொட்ட வேண்டும். சரிவில் முழங்காலை ஊன்றி, நிரை நிரையாக நகர வேண்டும். செடி இடுப்பளவு உயரம். சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, குனிந்தால் மறைந்துகொள்ளலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அது மலை. மேல் நிரையில் நிற்கும் ஆணுக்குக் கீழ் நிரையில் குந்துகிற பெண் உச்சந்தலை முதல் பாதம்வரை தெரிவாள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய் வருவதென்றால் பாதி நாள் போய்விடும்.

ஒரு காலத்தில் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் இடுப்பில் கட்டும் சாரத்தைப் பிரித்துப் பிடிப்பார்கள், ஒருத்தி உள்ளே குந்துவாள். அதற்கும் மலையின் காவல் தெய்வமான முனியின் பெயரால் தடை வந்தது. மலை வளைவில் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சூலம். அங்கிருந்து மேலே உள்ளதெல்லாம் முனியின் எல்லை, பெண்கள் அதை அசுத்தம் செய்தால் முனி அடிக்கும் என்று பூசாரி பக்கிரிசாமி சொல்லிவிட்டார். ஆண்கள் நின்ற இடத்தில் நின்றபடி, பேச்சைக்கூட நிறுத்தாமல், செடியைப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அதில் முனிக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. பெண்ணுடைய சிறுநீர் மட்டும் தீட்டாம். கல்லுக்கு மூக்கு இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நாறியிருக்கும். கல்லுக்கு மூக்கு கிடையாது. அதற்கு மூக்கு வைத்தவர் பூசாரி.

அதையும் மீறி ஒளிந்து ஒளிந்து போய்க்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசியில் வானமும் இல்லாமல் போயிற்று. சாலையில் கார்களை நிறுத்திவிட்டுத் தேயிலை மலையைப் படம் பிடிக்கிறவர்கள் ட்ரோன் என்கிற சின்ன இயந்திரத்தைப் பறக்கவிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் திலகத்தோடு கொழுந்து வெட்டும் காளியம்மா சாரத்துக்குள் இருந்தபோது வண்டு மாதிரி இரைந்துகொண்டு அது அவள் தலைக்கு மேல் வந்து நின்றது. அவள் பூட்ஸைக் கழற்றி அதன்மேல் வீசினாள். கீழே சாலையில் நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள்.

"நாலு பக்கமும் மறைக்கலாம்டி," என்று அன்றைக்குக் காளியம்மா அழுதுகொண்டே சொன்னாள். "தலைக்கு மேல எந்தச் சாரத்தப் புடிக்கிறது?"

அதற்குப் பிறகு யாரும் ஒதுங்கவில்லை. குடித்தால்தானே ஒதுங்க வேண்டும் என்று குடிப்பதையே விட்டார்கள். தாகத்துக்கு அசாம்போய் வந்தது. உப்பில் ஊறிக் காய்ந்து சுருங்கிய புளிப்புப் பழம் அது. ரிங்லெட் கடைகளில் போத்தல் போத்தலாகக் கிடைக்கும். ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தாகம் தெரியாது. கொழுந்து வெட்டும் பெண்களுக்குத் திலகம்தான் கூட்டத் தலைவி. அவள் இடுப்புப் பையில் ஒரு தகர டப்பா நிறைய அசாம்போய் எப்போதும் இருக்கும். காலையில் நிரைக்குள் இறங்கும் முன் ஒவ்வொருத்தி கையிலும் இரண்டு இரண்டாக வைப்பாள். கோயிலில் திருநீறு கொடுப்பதுபோல அது நடக்கும்.

இதே மலை உச்சியில் தோட்டத்தின் தேநீர்க் கடை இருக்கிறது. கண்ணாடிச் சுவர், கேக், வெளியூர்க் கூட்டம். அதன் பின்புறம் வரிசையாகக் கழிப்பறைகள், வாசலில் பூந்தொட்டிகள். தொழிலாளர்கள் பூட்ஸ் காலோடு அங்கே நுழையக் கூடாது. பூட்ஸ் இல்லாமல் மலையில் வேலை செய்ய முடியாது. ஆகவே அங்கே அவர்கள் நுழையவே கூடாது. எவ்வளவு நாசூக்கான சட்டம்!

திலகத்தின் புருஷன் தங்கராஜு காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்து, தாப்பா சாலையின் வளைவொன்றில் வண்டியோடு போய்ச் சேர்ந்தான். அப்போது மகள் புனிதாவுக்குப் பள்ளிக்கூடப் பை சுமக்கிற வயது. மகளை மலைக்கு ஏற்றக் கூடாது என்பதுதான் திலகத்தின் ஒரே வைராக்கியம். புனிதா தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்தாள், கோலா தெர்லாவில் லோரி ஓட்டும் மகேனைக் கட்டிக்கொண்டாள். விடுதி கைமாறியதும் வேலை போயிற்று. கத்திரி அவளுக்காகவும் காத்திருந்தது.

முதல் நாள் காலையில் திலகம் டப்பாவைத் திறந்து மகள் கையில் இரண்டு அசாம்போய் வைத்தாள்.

"என்னா மா இது, பிரசாதமா?"

"வாயில ஒதுக்கிக்க. வீட்டுக்குப் போறவரைக்கும் தண்ணி கிடையாது."

"ஒட்டகங்கூட எப்பவாச்சும் குடிக்கும்லா. நீங்கல்லாம் அதையும் மிஞ்சிட்டீங்க போல."

காளியம்மா மேல் நிரையிலிருந்து சிரித்தாள். "ஒட்டகத்துக்கு ட்ரோன் பயம் இல்லடி, பாப்பா!"

புனிதா சிரித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டாள். சில மாதங்களில் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. அப்போதும் டப்பா திறந்தது. புனிதா தயங்கினாள்.

"மா, இப்ப ரொம்பத் தாகமா இருக்குமா. அடிக்கடி போகணும் போலயும் இருக்கு."

"அடக்கு. உன்னய வயித்துல வெச்சிக்கிட்டு நான் இதே மலையில இப்படித்தான் வெட்டுனேன். நீ என்ன கொறஞ்சா போயிட்ட?"

இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். ஏழைகளின் வீட்டில் இதைவிடக் கொடிய வாக்கியம் கிடையாது. நான் தாங்கினேன், நீயும் தாங்கு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உனக்கும் ஆகாது. அன்பினால்தான் சொன்னாள். மகள் மானத்தோடு இருக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். தாங்க முடியாமல் போனவர்கள் இப்போது எழுந்து வந்து மறுத்துச் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் மாதத்தில் புனிதாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக வலி. சிறுநீர் கழிக்கும்போது அலறினாள். பக்கிரிசாமி வந்து பார்த்தார்.

"மேல எங்கயாச்சும் ஒதுங்குனியா, தாயி? மறைக்காம சொல்லு."

"இல்லங்க. ஒரு நாளுகூட இல்ல."

"ஐயனுக்குத் தெரியாதது இல்ல," என்று கயிறு கட்டினார், சாம்பல் கொடுத்தார். ஒதுங்காததால் வந்த நோய்க்கு, ஒதுங்கியதாகக் குற்றம் சாட்டி வைத்தியம்! கயிற்றை நம்பி இரண்டு நாள் வீணாயிற்று. மகேன் லோரியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்து, மனைவியைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அங்கே இருந்த மலாய் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்? புனிதா தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை அது. திலகத்துக்கு அதுதான் தாங்கவில்லை. கிருமி மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். குடிக்காமலும் அடக்கியும் வைத்தால் இப்படித்தான் ஆகும், பிள்ளைத்தாய்ச்சிக்கு இரட்டை ஆபத்து என்றார். இனி மலை வேலை வேண்டாம், நிறையக் குடிக்க வேண்டும், நினைத்தபோது போக வேண்டும் என்றார். மறுபடி வந்தால் தாய், பிள்ளை இரண்டுமே கையில் நிற்காது என்று எச்சரித்தார்.

திலகத்தின் இடுப்பில் தகர டப்பா கனத்தது.

புனிதா தேறி வீட்டுக்கு வந்த மறுநாள் திலகம் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாடசாமியிடம் போனாள். மலை உச்சித் தேநீர்க் கடையில் மகளுக்கு ஒரு வேலை வேண்டும். மேசை துடைக்கலாம், கோப்பை கழுவலாம், எதுவானாலும் சரி. அங்கே கூரை உண்டு, தண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

மாடசாமி கெட்டவர் இல்லை. கெட்டவர்களால் மட்டுமே உலகம் கெட்டிருந்தால் அதைத் திருத்துவது சுலபம். அவர் தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"துரை சரின்னுட்டாரு. வர்ற மாசம் மொதத் தேதிலேருந்து கடையில போடுறாராம். ஆனா திலகம், அதுக்கு முன்னாடி ஒரு காரியம் இருக்கு."

காரியம் இதுதான். மூன்று சர்வதேச அமைப்புகள் கூட்டாக ஒரு திட்டம் நடத்திவந்தன. ஒன்று பணம் தருவது, ஒன்று சட்டம் பேசுவது, ஒன்று உடல்நலம் பார்ப்பது. பசிபிக் தீவு நாடுகளில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக நிற்க வழிசெய்வது அந்தத் திட்டத்தின் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுக்கிற, பெண்ணைக் கூட்டத் தலைவியாக வைத்திருக்கிற தோட்டம் ஒன்றைக் காட்டுவதற்காக, தீவுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்களை இந்த மலைக்கு அழைத்து வருகிறார்கள்.

"வந்து உன்கிட்டதான் பேசுவாங்க. எல்லாம் வசதியா இருக்கு, ஒரு கொறையும் இல்லன்னு சொல்லிரு. வேற ஒன்னும் இல்ல."

"எல்லாமா, கங்காணி?"

மாடசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் பொண்ண நெனச்சுக்க," என்றார்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் கீழேயிருந்து லோரி ஒன்று நீல நிறப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் கழிப்பறை. கதவு, தாழ்ப்பாள், உள்ளே கைகழுவும் தொட்டி. நிரைக்குள் இருந்த பெண்கள் கத்திரியைப் போட்டுவிட்டு ஓடி வந்து சுற்றி நின்றார்கள்.

"கல்யாணப் பொண்ணாட்டம் லோரி ஏறி வந்திருக்குடி!" என்றாள் காளியம்மா. கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது.

"யாரும் தொறக்காதீங்க," என்றார் மாடசாமி. "அவங்க வந்து பாக்குற வரைக்கும் சுத்தமா இருக்கணும்."

"பின்ன எதுக்கு கங்காணி? பூ போட்டுக் கும்புடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். திலகமும் சிரித்தாள். கூட்டத்தில் இளையவளான யுவனேஸ்வரி மட்டும் பெட்டியின் பக்கவாட்டைக் கையால் தடவிப் பார்த்து, "இது இங்கயே இருக்குமாக்கா?" என்று கேட்டாள். திலகம் கேளாதவள்போலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பஸ் வந்தது. கூடாரம் போட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் தேநீரும் கேக்கும் வைத்திருந்தார்கள். துரை வரவேற்றுப் பேசினார். அமைப்புகளின் சார்பில் மொழிபெயர்க்க வந்திருந்தவள் ரூபினி. பினாங்கில் பிறந்த தமிழ்ப் பெண், சின்ன வயது, நல்ல மனம், கையில் எந்நேரமும் ஒரு நிகழ்ச்சி நிரல். வந்தவர்களில் லிதியா என்ற ஃபிஜிப் பெண் நேராகத் திலகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அகன்ற தோள், காதோரம் ஒரு செம்பருத்தி. தன் ஊர்ச் சந்தையில் கிழங்கும் கீரையும் விற்கிறவள்.

கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்த லிதியா ரூபினியிடம் ஏதோ கேட்டாள். ரூபினி சிரித்தபடி திருப்பிச் சொன்னாள். "அக்கா, இவங்க கேக்குறாங்க, தேயிலை வெட்டுறவங்க யாருமே டீ குடிக்கலயே, ஏன்னு."

திலகம் திடுக்கிட்டுத் தன் பெண்களைப் பார்த்தாள். ஒவ்வொருத்தி முன்னாலும் கோப்பை நிறைந்து ஆறிக்கொண்டிருந்தது. கதவு திறந்த கழிப்பறை எதிரே நிற்கிறது. ஆனால் உடம்பு பழக்கத்தை விடவில்லை.

"காலையிலயே குடிச்சிட்டோம்," என்றாள்.

லிதியா தலையாட்டினாள். எழுந்து கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சோப்பின் மேல் அச்சடித்த எழுத்துக்கூட அழியாமல் இருந்ததைப் பார்த்திருந்தாள். திலகத்தின் இடுப்புப் பையைக் காட்டி என்ன என்று கேட்டாள். திலகம் டப்பாவைத் திறந்தாள். லிதியா ஓர் அசாம்போயை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு வெகுநேரம் தன் மொழியிலும் ஆங்கிலத்திலுமாகப் பேசினாள். ரூபினி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அவங்க ஊர்லயும் இந்தப் பழம் இருக்காம், அக்கா. சீனக் கடையில கிடைக்குமாம். சந்தையில உக்கார்ற பொம்பளைங்க எல்லாம் வாயில ஒதுக்கிக்குவாங்களாம். ஏன்னா சந்தையில டாய்லெட் இல்லயாம். விடிகாலையில கிராமத்துலேருந்து வந்தா, இருட்டுற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாங்களாம். இவங்க அக்கா ஒருத்தங்க அதுலயே செத்துட்டாங்களாம்."

திலகம் டப்பாவைக் குனிந்து பார்த்தாள்.

"அப்புறம் இந்தத் திட்டம் வந்துச்சாம். ஆரம்பத்துல வந்தவங்க எல்லாம் சந்தை நடத்துற ஆம்பளைங்ககிட்டயே கேட்டுட்டுப் போயிட்டாங்களாம். எல்லாம் இருக்குன்னு அவங்க சொல்லிட்டாங்களாம். பின்னால ஒருத்தங்க வந்து, ஆம்பளைங்கள வெளிய அனுப்பிட்டுப் பொம்பளைங்கள உக்காரவெச்சுக் கேட்டாங்களாம். இப்ப டாய்லெட் இருக்கு, சாவி பொம்பளைங்க கையில இருக்கு, சந்தைக் கமிட்டியில அவங்க பாதிப் பேரு." ரூபினி மூச்சு வாங்கினாள். "அக்கா, லிதியா கேக்குறாங்க. அந்த நீலப் பெட்டி இங்க எப்ப வந்துச்சு?"

சரியான கேள்வி. கேட்க வேண்டிய ஆள், கேட்க வேண்டியவளிடம், கேட்க வேண்டிய சொற்களில் கேட்டுவிட்டாள். ஒன்றுதான் குறை. திலகத்துக்கு எதிரே மாடசாமி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் துரை. அவர்களுக்கும் பின்னால், மலை உச்சியில், கண்ணாடிச் சுவர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. புனிதாவின் கூரை. புனிதாவின் தண்ணீர்.

பக்கத்தில் யுவனேஸ்வரி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது ரொம்ப நாளா இங்கதான் இருக்குங்க," என்றாள் திலகம்.

"அப்ப இந்தப் பழம் எதுக்குன்னு கேக்குறாங்க."

"சும்மா. வாய்க்கு ருசியா இருக்கும்."

லிதியா பழத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். திலகத்தின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். கூடாரத்தில் கைதட்டல் எழுந்தது. யாரோ படம் எடுத்தார்கள்.

அடுத்த நாளே லோரி வந்து நீலப் பெட்டியை ஏற்றிக்கொண்டு இறங்கியது. "கல்யாணப் பொண்ணு தாய் வீட்டுக்குப் போகுது," என்றாள் காளியம்மா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யுவனேஸ்வரி திலகத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

துரை வாக்கு மாறவில்லை. ஆனால் மாதம் பிறக்க நாள் இருந்தது. ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்த விடுப்பு முடிந்திருந்தது. வேலைக்கு வராமல் இருந்தால் பதிவேட்டில் பெயரையே அடித்துவிடுவார்கள், பெயர் இல்லாதவளைக் கடைக்கு எப்படி மாற்றுவது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். மகேன் வேண்டாம் என்று கத்தினான்.

"கொஞ்ச நாளுதானே, மகேன். மேல வேலை உறுதியாவட்டும்," என்று புனிதாவே அவனைச் சமாதானப்படுத்திவிட்டு மலைக்கு வந்தாள்.

இந்த முறை திலகம் டப்பாவைத் திறக்கவில்லை. ஒரு பெரிய பாட்டில் நிறைய வெந்நீர் கொண்டுவந்தாள். குடி, குடி என்று மகள் பின்னாலேயே நடந்தாள். சாரத்தை நானே பிடிக்கிறேன், முனி அடித்தால் என்னை அடிக்கட்டும் என்றாள். புனிதா மேல் நிரையைப் பார்த்தாள். அங்கே வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஆண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையில் கார்கள் நின்றன. இரைச்சல் ஏதும் கேட்கிறதா என்று வானத்தைப் பார்த்தாள்.

"வெக்கமா இருக்குமா," என்றாள். "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்."

தாய் தடுத்தபோது மகள் குடிக்கவில்லை; தாய் கெஞ்சியபோது மகளால் குடிக்க முடியவில்லை. எத்தனை வருடப் பாடம் அது! ஒரு பாட்டில் வெந்நீரில் கரைந்துபோகுமா?

காய்ச்சல் திரும்பி வந்தபோது யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை. தானா ராத்தாவிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் வளைவு. ஆம்புலன்சில் புனிதா தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு, "மா, தண்ணி," என்றாள். அங்கே, அந்த நேரத்தில், கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. பிள்ளை முதலில் போயிற்று. மறுநாள் பொழுது சாயும்முன் புனிதாவும் போய்விட்டாள். மேலே கடையில் அவளுக்கென்று தைத்த சீருடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

லைன் வீடுகளில் பேசியவர்கள் முனியின் கோபம் என்றார்கள், விதி என்றார்கள். விதிக்கு முகவரி இல்லை என்பதால் அதன்மேல் எதையும் சுமத்திவிடலாம். அந்த மலையில் ஒரு கழிப்பறை வைக்க முடியும் என்பதை விருந்தாளிகள் வந்த அந்த ஒரு நாளில் உலகமே பார்த்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு போனது விதியா, லோரியா?

புனிதாவின் ஈமக் காரியம் முடிந்த சில நாளில், எதுவும் தெரியாமல் ரூபினி வந்தாள். திலகமும் லிதியாவும் கைகோத்திருக்கிற படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வாசலில் மாலையிட்ட புனிதாவின் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"உக்காரு தாயி," என்றாள் திலகம். எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். "நான் பொய் சொன்னேன். எம் புள்ள குடிக்கணும்னு பொய் சொன்னேன். இப்ப நெசத்தச் சொல்றேன், எழுதிக்க."

ரூபினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கு பஸ்ஸிலயே லிதியா சொன்னாங்கக்கா. அந்தப் பெட்டி புதுசு, அந்த அம்மா பயந்துக்கிட்டுச் சொல்றாங்க, ஆம்பளைங்க இல்லாதப்ப திரும்பிப் போய்க் கேளுன்னு."

"பின்ன ஏம்மா வரல?"

ரூபினி கொண்டுவந்த படத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். "சாயங்காலம் கோலாலம்பூர்ல கூட்டம் இருந்துச்சு," என்றாள். சொல்லிவிட்டு அதன் சிறுமை தனக்கே உறைத்ததுபோல அழுதாள்.

அவள் திரும்பிப் போய் மூன்று அமைப்புகளுக்கும் எழுதினாள். உடல்நலத்தைக் கவனிக்க வேண்டியது மற்றொரு அமைப்பு என்று பணம் தருவது சொன்னது. மலேசியா பசிபிக் தீவு நாடு அல்லவே என்றது உடல்நலம் பார்ப்பது. சட்டம் பேசுவதுதான் மிகவும் தெளிவாகப் பதில் சொன்னது: கழிப்பறை நெடுநாளாக இருப்பதாகச் சம்பந்தப்பட்ட பெண்ணே சொல்லியிருக்கிறாரே.

அந்த அமைப்புகள் வந்தது குற்றமில்லை. லிதியாவின் சந்தையில் அவர்கள் செய்தது நல்ல வேலை. அங்கே இன்று பெண்கள் குடிக்கிறார்கள். ஆனால் ஆண்களை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு தீவில் கற்ற பாடத்தை, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இந்த மலையில் மறந்தார்கள். அந்த மறதிக்கு விலையாக ஒரு தாயும் அவள் வயிற்றுப் பிள்ளையும் போதும் என்று விட்டுவிட முடியுமா?

திலகம் மறுபடி வேலைக்குப் போன நாள், அசாம்போயைச் சரிவில் கொட்டி, டப்பாவையும் வீசி எறிந்தாள். நிரை நடுவே நின்று, எல்லாரும் பார்க்க, பாட்டிலை வாயில் வைத்து மடமடவென்று குடித்தாள். பாதியில் பாட்டிலை இறக்கினாள். மகள் குடிக்க வேண்டிய தண்ணீர் அது. மறுபடி தூக்கிக் குடித்தாள். பிறகு கத்திரியை வைத்துவிட்டு மலை உச்சியை நோக்கி ஏறினாள்.

தேநீர்க் கடை வாசலில் காவலாள் ஹரிதாஸ் கையை நீட்டி மறித்தான். "அக்கா, பூட்ஸோட விடக் கூடாதுன்னு ஆர்டர்லா. என்னய மாட்டிவிடாதீங்க."

"கழட்டிர்றேன் தம்பி."

கழற்றினாள். சேறு அப்பிய வெறுங்காலோடு, கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே நடந்து, பூந்தொட்டிகளைத் தாண்டி உள்ளே போனாள். வெளியே வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு நிரைக்குத் திரும்பினாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாள் அவள் பூட்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி பூட்ஸ் இருந்தது. யுவனேஸ்வரி ஒரு வார்த்தை பேசாமல் கூடவே வந்திருந்தாள். அவள் வாயில் அசாம்போய் இல்லை.

மற்றவர்கள் இன்னும் போகவில்லை. பயம். காளியம்மா டப்பாவைத் தேடி எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். துரை திலகத்தை ஒருமுறை கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். மாடசாமி கையெடுத்துக் கும்பிட்டே கேட்டுப் பார்த்துவிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டால் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடும். "எங்க போறது?" என்று மகேன் கேட்டதற்கு, "மொதல்ல மேல போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அவள் ஏறினாள்.

பள்ளி விடுமுறைக்கோ குளிரை அனுபவிக்கவோ நீங்கள் அந்த மலைக்கு வருவீர்கள். தேயிலைச் சரிவைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவரோரம் உட்காருவீர்கள். கோப்பை ஆவி பறக்க உங்கள் முன் வரும். அதை உடனே எடுத்துவிடாதீர்கள். கொண்டுவந்து வைப்பவரையோ, கல்லாவில் இருப்பவரையோ, முடிந்தால் துரையையே கூப்பிட்டு, இந்தக் கொழுந்தை வெட்டும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று சத்தமாகக் கேளுங்கள். மேசைக்கு மேசை கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் போய்ப் பாருங்கள், சோப்பில் எழுத்து அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கையைக் காட்டி ஒரு நல்ல பதில் வரும்வரை, தயவுசெய்து, அந்தத் தேநீரை ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள்.